சேஃப்டி ஆபீசருக்குப் பட்டம் கட்டாயமாக்க வேண்டுமா?

மஞ்சள்தொப்பி:
நேராகவே சொல்லிவிடுகிறேன். இருபது பேர் வேலை பார்க்கிற எந்தத் தொழிற்சாலையானாலும், பல்கலைக்கழகத்தில் தொழிலகப் பாதுகாப்பு படித்த ஒருவர் அங்கே பொறுப்பில் இருக்க வேண்டும். 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி பொதுவாக ஆயிரம் பேர் இருந்தால்தான் பாதுகாப்பு அலுவலர் கட்டாயமாக இருந்தது. 2020-இல் வந்த தொழிலகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 500 ஆகக் குறைத்தது, அபாயத் தொழில் என்றால் 250. பிரஸ் மெஷினில் விரல் போகிற பட்டறைகளில் அத்தனை பேரா இருக்கிறார்கள்?

சாத்தூரான்:
பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவன் நான். படித்தவர் வந்து உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறீர்கள். எங்கள் பக்கம் விபத்து நடப்பது விஷயம் தெரியாமல் இல்லை நண்பரே. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்பது பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அக்காவுக்கே தெரியும். கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது என்பதும் தெரியும். தீபாவளி ஆர்டர் வந்து, ஆலையை உள்குத்தகைக்கு விட்டு, பீஸ் ரேட்டில், அதாவது எண்ணிக்கைக்குக் கூலி என்று, கூட்டத்தை மரத்தடியில் உட்காரவைத்தால், தெரிந்து என்ன செய்ய? வெடித்தால் முதலில் கைதாவது போர்மேன்.

மஞ்சள்தொப்பி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். உங்களால் முதலாளியிடம் "நிறுத்துங்கள்" என்று சொல்ல முடியவில்லை. பட்டமும் சட்டமும் பின்னால் இருக்கிறவர் சொல்வார்.

சாத்தூரான்:
சொல்வாரா? 1984-இல் போபால் ஆலையில் படித்த பொறியாளர்களுக்கா பஞ்சம்? அந்த வாயுத் தொட்டியைக் குளிரவைக்கிற இயந்திரத்தை ஜூனிலேயே நிறுத்திவிட்டார்கள். டிசம்பரில் அந்த விஷவாயுக் கசிவு நடந்தது. குளிராக வைக்க வேண்டும் என்பது அங்கே யாருக்குத் தெரியாது?

ஒரகடம் ரவி:
இரண்டு பேருக்கும் வணக்கம். நான் சேஃப்டி ஆபீசர் வேலையில்தான் இருக்கிறேன். தரமணி மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் டிப்ளமா முடித்தவன். அந்தப் படிப்பு உருப்படியானது. "மூன்றே மாதத்தில் ஃபயர் அண்ட் சேஃப்டி, வளைகுடாவில் வேலை" என்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டுகிறார்களே, அதையும் இதையும் ஒன்றாகப் பேச வேண்டாம்.

சாத்தூர் அண்ணன் சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். எல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பது சரியில்லை. கழிவுநீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு என்று பலருக்குத் தெரியும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று இறங்குகிறார்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மீட்டர் கத்தும். மீட்டர் இல்லாத இடத்தில் முதலில் இறங்கியவர் விழுகிறார், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுகிறார். இங்கே படிப்பு உயிர் காக்கும்.

ஆனால் மஞ்சள்தொப்பி சொல்வது போலப் பட்டம் இருந்தால் வாய் திறந்துவிடும் என்பதும் இல்லை. எனக்கு இன்க்ரிமென்ட் போடுவது புரொடக்‌ஷன் மேனேஜர். ஆபத்து என்றால் அவருடைய உற்பத்தி லைனை நான் நிறுத்த வேண்டும். எத்தனை தடவை நிறுத்துவேன் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்று. ஆலை இருக்கிற பகுதியில் பெரும்பாலான தொழிலாளர்கள் பேசும் மொழி அலுவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. எனக்குத் தமிழ் தெரியும், விதிப்படி பாஸ். என் ஷிப்டில் பாதிப் பேர் ஒடிசாவும் பீகாரும். வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பற்றிச் சொல்கிற காலை டூல்பாக்ஸ் பேச்சில் அவர்கள் தலையாட்டுவார்கள். அவ்வளவுதான்.

தேன்மொழி:
பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். ஆலைக்கு உள்ளே மட்டுமே பேசுகிறீர்கள். 2012 செப்டம்பரில் சிவகாசி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்களே இல்லை. புகையைப் பார்த்து உதவ வந்தவர்கள், வேடிக்கை பார்க்க நின்றவர்கள். போபாலுக்குப் பிறகு 1987-இல் சட்டத்தைத் திருத்தி, அபாயத் தொழில் நடத்துகிறவர் சுற்றியுள்ள மக்களுக்கும் விவரம் சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். உங்கள் ஊர்க் கிராம சபையில் யாராவது வந்து சொல்லியிருக்கிறார்களா? பல்கலைக்கழகம் பாடம் நடத்த வேண்டுமானால் ஊராட்சித் தலைவருக்கும் மகளிர் குழுவுக்கும் நடத்தட்டும். வார இறுதியில், அவர்கள் ஊரிலேயே.

சாத்தூரான்:
உள்ளே தங்கச்சி இருக்கிறவன் வகுப்பில் படித்தான் என்பதற்காக வெளியே நிற்பானாம்மா?

தேன்மொழி:
நிற்க மாட்டார் அண்ணா. வேடிக்கை பார்க்க வந்தவரை நிறுத்தலாம். பைக்கை வழியில் போட்டு ஆம்புலன்ஸை மறிக்காமல் பார்க்கலாம். அதுவே பெரிய விஷயம்.

ஒரகடம் ரவி:
இதற்கு என் ஓட்டு. ஆபத்து என்று பட்டால் தெரிவிக்கத் தொழிலாளிக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. அதை ஒடியாவில் அச்சடித்து ஒட்டியிருக்கிற ஓர் ஆலையை நான் பார்த்ததில்லை.

மஞ்சள்தொப்பி:
சரி, ஊர் வகுப்பும் இருக்கட்டும். பட்டம் கட்டாயம் என்பதை நான் விடவில்லை. அலுவலரின் சம்பளத்தை மட்டும் ஆலையிடமிருந்து பிரித்துவிடலாம். எல்லா ஆலைகளும் பொது நிதிக்குப் பணம் கட்டட்டும், அரசு சம்பளம் கொடுக்கட்டும். அப்போது ரவி லைனை நிறுத்துவார் இல்லையா?

ஒரகடம் ரவி:
நிறுத்துவேன்.

சாத்தூரான்:
அந்த நிதிக்குக் கட்டுகிற காசை முதலாளி தன் பையிலிருந்தா எடுப்பார்? பீஸ் ரேட்டில் பத்துக் காசு குறைப்பார். அதை ஈடுகட்ட எங்கள் ஆட்கள் இன்னும் வேகமாக மருந்து செலுத்துவார்கள். அதற்கு வழி சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.