சீனக்குடா விமானம், எந்த யன்னல்? (புதுப்பிப்பு)

போன மாதம், திருகோணமலைச் சீனக்குடா விமான நிலையத்திலிருந்து கொழும்புப் பக்கம் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குச் சின்ன விமானத்தில் அம்மாவைக் கூட்டிப் போகிறேன், எந்தப் பக்கம் இருத்தலாம் என்று கேட்டிருந்தேன். பலரும் இடப்பக்கம் என்றீர்கள். போய் வந்துவிட்டோம். நீங்கள் சொன்னதுதான் சரி.

விமானம் தென்மேற்காகப் போவதால் காலை வெயில் பின்னால் விழுந்தது, கண் கூசவில்லை. நாங்கள் போன செஸ்னா கரவன் விமானத்துக்கு இறக்கை யன்னலுக்கு மேலே இருப்பதால் எந்த வரிசையில் இருந்தாலும் கீழே மறைக்காது. கந்தளாய்க் குளம் வந்தபோது அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். பஸ்ஸில் எத்தனையோ தடவை அந்தக் குளக்கட்டைக் கடந்தவர். நீர், வயல், மறுபடி நீர் என்று அது விரிந்து கிடப்பதை இப்போதுதான் முழுதாகப் பார்த்தார். பிறகு மின்னேரியாக் குளம், கொஞ்ச நேரத்தில் தூரத்தில் சிகிரியாக் குன்று, எல்லாம் இடப்பக்கமே.

ஆனால் போகும்போது திருகோணமலைக் கோணேசர் கோயில் பார்க்கக் கிடைக்கவில்லை. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும். இது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், ஆகவே ஓடுபாதையை விட்டதும் கோயிலுக்கு எதிர்ப்பக்கமான தம்பலகாமம் பக்கம் போய்விட்டது. திரும்பி வரும்போது அதே காற்றுக்காகக் கடல் பக்கமிருந்து இறங்கினோம். அப்போது வலப்பக்க யன்னலில் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை, உச்சியில் கோபுரம்! அம்மா கைகூப்பிவிட்டார்.

அப்புறம், படம் எடுப்பவர்கள் போனைக் கண்ணாடியில் முட்ட வைக்காதீர்கள், அதிர்வில் படம் கலங்கும்.