அடித்தால் அப்போதைக்கு அடங்குகிறான், மறுநாள் அதே சேட்டை. வேறு என்ன வழி?

கேட்டவர்: தாமரை_கோவை
மகனுக்கு 6 வயது, மகளுக்கு 2. தங்கச்சியைக் கிள்ளுவான், தள்ளிவிடுவான். அவன் அப்பா முதுகில் இரண்டு வைத்தால் உடனே அடங்குவான், மறுநாள் பழையபடி. இப்போது பொய்யும் சேர்ந்துவிட்டது. அப்பா பைக் சத்தம் கேட்டாலே உள்ளறைக்குப் போய்விடுகிறான். "அடியாத மாடு படியாது" என்கிறார் அத்தை. அடிக்காமல் கண்டிப்பது எப்படி?

பதில் 1: வேலன்
"உடனே அடங்குவான்" என்கிறீர்களே, சிக்கலே அதில்தான். சேட்டை அந்த நொடி நின்றுவிடுவதால் அடி பலித்தது என்று அப்பா நம்பிவிடுகிறார். பிள்ளைக்கோ அடி மரத்துப்போகிறது. அடுத்த முறை இன்னும் ஓங்க வேண்டும். கையில் ஆரம்பித்தது ஸ்கேல், பெல்ட் என்று போவது இப்படித்தான்.

2016-ல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 75 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சுமார் 1,60,000 குழந்தைகள். கொடூரமான அடியை விலக்கிவிட்டு, கையால் போடும் சாதாரண அடியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அலசிய 17 விளைவுகளில் 13-ல் தொடர்பு தெளிவாக இருந்தது. அத்தனையும் கெடுதல் பக்கம்தான். முரட்டுத்தனம், மனநலக் குறைவு, பெற்றோரோடு ஒட்டாமை எல்லாம் அதில் அடக்கம். தொடர்பின் அளவு பெரிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நன்மைப் பக்கம் ஒன்றுமே இல்லை.

பொய் வருவதும் இதனால்தான். மாட்டிக்கொண்டால் அடி என்றால், மாட்டாமல் இருக்கத்தான் பிள்ளை பழகும்.

பதில் 2: செண்பகம்
எந்த நேரத்தில் சண்டை வருகிறது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். பசி, தூக்கம் இரண்டில் ஒன்று அடிக்கடி இருக்கும். அவன் வயதுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

அடுப்படியிலிருந்து கத்தாதீர்கள். பக்கத்தில் போய், முகம் பார்த்து, ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். "அடிக்காதே" என்பதைவிட "கையை எடு, என்கிட்ட வா" என்றால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியும்.

அவன் தங்கச்சியை அடித்துவிட்டால் முதலில் அவளைத் தூக்குங்கள். பிறகு அவனை உங்கள் கண்ணில் படும் இடத்தில் 5 நிமிடம் தனியாக உட்கார வையுங்கள். அந்நேரம் திட்டு, உபதேசம் எதுவும் வேண்டாம். கதவைப் பூட்டுவதும் இருட்டறையும் கூடவே கூடாது. நேரம் முடிந்ததும் பிடுங்கிய பொம்மையை அவனே திருப்பிக் கொடுக்கட்டும். அதோடு விட்டுவிடுங்கள், ராத்திரிவரை இழுக்க வேண்டாம்.

"நீதானே தள்ளினே?" என்று கேட்காதீர்கள்; கேட்டால் பொய்தான் வரும். "நீ தள்ளினதைப் பார்த்தேன்" என்று சொல்லுங்கள். அவன் பொம்மையை விட்டுக்கொடுத்தால் அந்த நிமிடமே, எதற்கு என்று சொல்லிப் பாராட்டுங்கள். முறை மாறியதும் முதலில் சேட்டை கூடலாம். பலரும் அங்கேதான் பழையபடி கையை ஓங்கிவிடுகிறார்கள்.

தாமரை_கோவை
நன்றி. இதையெல்லாம் இவரிடம் எப்படிச் சொல்வது?

பதில் 3: இளங்கோ_எம்எஸ்டபிள்யூ
பையன் எதிரிலோ அத்தை எதிரிலோ வேண்டாம். கோபம் ஆறிய வேளையில் பேசுங்கள். அடிக்காதீர்கள் என்று மட்டும் சொன்னால் குற்றம் சாட்டுவதுபோல இருக்கும். கையோடு ஒரு வேலையும் கொடுங்கள். தினமும் வீட்டுக்கு வந்ததும் 10 நிமிடம் அவனோடு விளையாட்டு. அதில் ஹோம்வொர்க் விசாரணை கிடையாது. நீங்களும் "அப்பா வரட்டும்" என்று மிரட்டுவதை நிறுத்த வேண்டும்; பைக் சத்தத்துக்கு ஒளிவதில் அதற்கும் பங்கு இருக்கும். கை நீட்டிவிட்டால் அப்பாவே சொல்லட்டும்: "அப்பா அடிச்சது தப்பு. நீ தங்கச்சியைத் தள்ளினதும் தப்புதான்."

பள்ளியில் அடித்தால், கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அதைத் தடை செய்கிறது. எழுத்துமூலம் புகார் கொடுங்கள். எங்கே அடித்தாலும், தழும்பு விழும் அளவுக்குப் போனால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை. காதோடு அறைந்தால் செவிப்பறை கிழியலாம். சின்னவளைக் கோபத்தில் பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. அப்படி உலுக்கியபின் வாந்தியோ, எழுப்ப முடியாத தூக்கமோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், நடந்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.