வேலை படுத்துக்கொள்ளும் டிசம்பரில் சென்னைக்கு வருவது சரியா?

லஸ் முனை:
ஜெர்மனியில் ஸ்டுட்கார்டில் இருக்கிறேன். சம்பள வேலை இல்லை. இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்க்கும் வேலையைத் தனியாக எடுத்துச் செய்கிறேன். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி 6 வரை ஈ காக்கை வராது. 6-ம் தேதியும் எங்கள் மாநிலத்தில் விடுமுறை. யாருக்கு மெயில் போட்டாலும் 'விடுப்பில் இருக்கிறேன்' என்ற தானியங்கி பதில்தான். அதனால் மயிலாப்பூரில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன், பொங்கல் முடித்துத்தான் திரும்புவேன். வருமானம் இல்லாத மாதத்தில் இது தேவையா என்று அங்கே நண்பர்கள் திட்டுகிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பரங்கிமலை:
திட்டுவது நியாயம்தான். டிசம்பரில் டிக்கெட் ஆனை விலை குதிரை விலை. நீங்கள் இங்கே இருந்தாலும் அங்கே வீட்டு வாடகையும் மருத்துவக் காப்பீடும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு அங்கேயே இருப்பவருக்குத்தான் மவுசு. 28-ம் தேதி ஆள் கிடைக்காமல் அல்லாடுகிற மேலாளர், கூடுதல் கட்டணம் கேட்டாலும் தலையாட்டுவார். நான் டொரண்டோவில் இருந்தபோது எனக்கு நிலைத்த வாடிக்கையாளர்களில் சிலர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டவர்கள்.

லஸ் முனை:
சார், அந்த அவசர வேலைக்கு ஸ்டுட்கார்டில்தான் உட்கார வேண்டும் என்று யார் சொன்னது? அங்கே காலை 9 என்றால் இங்கே மதியம் ஒன்றரை. காலையில் மியூசிக் அகாடமியில் லெக்டெம் (பாடிக் காட்டி விளக்கும் இசை உரை) கேட்டு, சபா கேன்டீனில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தால் நேரம் சரியாக இருக்கும்.

வேளச்சேரிக்காரன்:
கேன்டீன் சாப்பாடு! கொடுத்து வைத்தவர். நான் இதே சென்னையில் வாடகை வீட்டிலிருந்து இதே ஐரோப்பியர்களுக்கு வேலை செய்கிறேன். வறட்சி எனக்கும்தான், ஆனால் ஓடிப்போக இன்னொரு ஊர் கிடையாது.

இரண்டு பேருமே டிசம்பரைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். டிசம்பரில் கையில் காசு இருக்கும், நவம்பர் பில் வந்து சேருகிற நேரம் அது. அடி விழுவது பிப்ரவரியில். டிசம்பர் கடைசியில் வேலை இல்லை என்றால் பில் இல்லை. ஜனவரி வேலைக்கு மாதக் கடைசியில் பில் போட்டு, 30 நாள் தவணை கழித்துப் பணம் மார்ச்சில் வரும். நடுவில் வாடகையை யார் கட்டுவது? இதற்கிடையில் டிசம்பர் 15-க்குள் முன்கூட்டிய வரியில் 75 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். அதனால்தான் துபாய், சிங்கப்பூர் பக்கம் ஆள் பிடித்து வைத்திருக்கிறேன். துபாயில் கிறிஸ்துமஸுக்கு அரசு விடுமுறையே இல்லை.

லஸ் முனை:
பிப்ரவரி விஷயம் உண்மை. எங்களுக்கும் டிசம்பர் 10 வரித் தவணை உண்டு. வருமானம் குறைந்தால் வரி அலுவலகத்துக்கு எழுதித் தவணையைக் குறைக்கச் சொல்லலாம், நான் கோடையிலேயே எழுதிவிடுவேன். டிக்கெட்டும் அப்போதே எடுத்துவிடுவதுதான்.

அடையாறு பாட்டி:
காசுக் கணக்கே பேசுகிறீர்களே. என் பேரனும் ஜெர்மனியில்தான் இருக்கிறான். நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுமாம், 25, 26 இரண்டு நாளும் கடை திறக்காதாம். வேலையும் இல்லாமல், பேச ஆளும் இல்லாமல் அந்த அறையில் உட்கார்ந்து என்ன சம்பாதிக்கப் போகிறான்? தம்பி, நீ வந்தது சரி.

பரங்கிமலை:
பாட்டி, தனிமைக்காக வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அதைத் தொழில் கணக்கில் எழுதுகிறார் பாருங்கள், அதுதான் உறுத்துகிறது. வருஷா வருஷம் டிசம்பரில் ஓடி வந்தால் அந்த ஊரில் பண்டிகைக்குக் கூப்பிட ஒரு வீடு எப்படிக் கிடைக்கும்?

லஸ் முனை:
அங்கே கூப்பிடுகிறார்கள் சார். அவர்கள் 24-ம் தேதி ராத்திரி கூப்பிடுவார்கள். மீதி இரண்டு வாரத்துக்கு நான் எங்கே போவது?

வேளச்சேரிக்காரன்:
சரி, அது போகட்டும். 7-ம் தேதி எல்லோரும் ஆபீஸ் திரும்பி, தேங்கியதையெல்லாம் உங்கள் தலையில் கொட்டுவார்கள். அடுத்த வாரம் பொங்கல். அப்போது என்ன செய்வதாக உத்தேசம்?

லஸ் முனை:
பொங்கலன்று ஒப்படைக்க வேண்டிய கையேடு ஒன்று ஏற்கெனவே வந்துவிட்டது. ஒப்புக்கொண்டும் ஆகிவிட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.