கலீஃபா ஹாக்கிமின் பெயர் குறுக்கே வந்த இடங்கள் – அனுபவப் பகிர்வு

ஊர்சுற்றி
கெய்ரோவில் முயிஸ் தெருவின் வடக்கு முனை, ஹாக்கிம் பள்ளிவாசல். ஆயிரம் வருடம் முன்னால் எகிப்தை ஆண்ட ஷியா கலீஃபா ஹாக்கிமின் பெயரில் இருப்பது. போனவர்களுக்குத் தெரியும், முற்றம் முழுக்க வெள்ளைப் பளிங்கு, கண் கூசும். எங்கள் கைடு வழக்கமான பல்லவியை ஆரம்பித்துவிட்டார்: நாய்களைக் கொல்லச் சொன்னவர், பெண்களுக்குச் செருப்புத் தைக்கக் கூடாதென்று உத்தரவு போட்டவர், பைத்தியக்காரக் கலீஃபா. நாலடி தள்ளி, பொன்கரை போட்ட வெள்ளைத் தொப்பியோடு ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவான தாவூதி போராவைச் சேர்ந்த ஒரு பெரியவர், பேரனின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். கைடிடம் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. என்னிடம் வந்து இந்தியில், "இவர் எங்களுக்கு 16ஆவது இமாம், மார்க்கத் தலைவர். பாழாகக் கிடந்த இந்த இடத்தைப் புதுப்பித்து 1980இல் திறந்தது எங்கள் சமூகம்" என்றார். கைடு நிறுத்தவில்லை. அந்தப் பொடியன் அவரை முறைத்த முறைப்பு இருக்கிறதே, இன்னும் மறக்கவில்லை.

கீரைக்கட்டு
நமக்குச் சாப்பாட்டு மேசையில்தான் அறிமுகம். துபாயில் என் அறைத்தோழி லெபனான் ஷூஃப் மலைப்பக்கத்துப் பெண், ட்ரூஸ் என்ற சிறிய மதப் பிரிவு. எகிப்துக்காரத் தோழி ஒருத்தி முலூகியா கொண்டு வந்தாள், சணல் கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கோழிச்சாற்றில் கொதிக்க வைப்பார்களே, வெண்டைக்காய் மாதிரி வழவழவென்று இருக்கும், அதுதான். இவள் தட்டை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு, "அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்" என்றாள். நான் டாக்டரைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ட்ரூஸ்காரர்கள் போற்றும் ஹாக்கிம் ஆயிரம் வருடம் முன்னால் போட்ட தடையாம்! ஷியாக்களுக்கு ஆகாத பழைய கலீஃபா முஆவியாவுக்குப் பிடித்த கீரை என்பதால் தடுத்தாராம்.

மரியின் மகன்
இமாமோ என்னவோ, இருக்கட்டும். நாங்கள் யெருசலேமில், இயேசுவை அடக்கம் செய்த இடம் என்று சொல்லும் திருக்கல்லறைக் கோவிலில் மணிக்கணக்காக வரிசையில் நின்று உள்ளே போனால் ஒரு பளிங்குப் பலகைதான் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒரு பாட்டி, "பாறையில் வெட்டின குகைன்னு பைபிள்ல இருக்கே, எங்கப்பா அது?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். 1009இல் ஹாக்கிம் கோவிலை இடிக்கச் சொல்லி, ஆட்கள் அந்தப் பாறையையே உளியால் கொத்தினார்கள் என்று வழிகாட்டி சொன்னதும் பாட்டி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊர்சுற்றி சகோ, உங்கள் கைடு நாய், செருப்பு எல்லாம் சொல்லிவிட்டு இதை விட்டதுதான் எனக்கு ஆச்சரியம்.

பழையகணக்கு
மரியின் மகன், பாதிக் கதையோடு நிறுத்தாதீர்கள். கட்டாயத்தில் மதம் மாறியவர்கள் பழையபடி திரும்பலாம் என்று கடைசிக் காலத்தில் அனுமதித்தவரும் இதே ஹாக்கிம்தான். 996இல் அரியணை ஏறும்போது வயது 11. 1005இல் தாருல் இல்ம் என்று ஒரு அறிவகம் திறந்து, வந்தவர்களுக்கு மை, பேனா, காகிதம் எல்லாம் இலவசமாகக் கொடுத்தார். நானும் அந்தப் பள்ளிவாசலுக்குப் போனேன், பிடித்தது, அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் இனிப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம். கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள், பெண்கள் தலைத்துணி. மினாராக்களின் அடிப்பாகத்தைச் சுற்றிவந்து பாருங்கள், அந்தச் சதுரக் கவசச்சுவர் ஹாக்கிமே 1010இல் கட்டச் சொன்னது, மேலே இருப்பது 1303 பூகம்பத்துக்குப் பிறகு கட்டியது. பாதிப்பேர் உச்சியைப் போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள், அந்தத் தவறு செய்யாதீர்கள். அப்புறம் பாபுல் ஃபுதூஹ் கோட்டை வாசலில் ஆரம்பித்துத் தெற்கே பாப் சுவைலா வாசல் வரை நடந்தே போங்கள், டாக்சி எல்லாம் வேண்டாம், செருப்பு மட்டும் நல்லதாக இருக்கட்டும்.

ஊர்சுற்றி
செருப்பு பற்றி நீங்களா பேசுவது!

முகத்தம்வாசி
அறிவகம் சரி சகோ, நைலைக் கட்டுப்படுத்த வந்து முடியாதென்று கண்ட அறிவியலாளர் இப்னுல் ஹைதம், இதே ஆளுக்குப் பயந்து பைத்தியம் போல நடித்துக் காலம் தள்ளினார் என்று ஒரு கதை உண்டே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் இரண்டு வருடம் கெய்ரோவில் வேலை பார்த்தவன். ஒருநாள் ராத்திரி முகத்தம் மலை விளிம்பில் டீ குடித்துக்கொண்டிருந்தோம், கீழே ஊர் முழுக்க விளக்கு. டிரைவர் இருட்டைக் காட்டி, "இங்கேதான் கழுதைமேல் வந்தார், 1021 பிப்ரவரி, கழுதை கிடைத்தது, இரத்தக்கறை படிந்த உடை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை" என்றார். 36 வயதுகூட ஆகவில்லை. யார் கொன்றது என்று கேட்டேன். "அக்காவோடு வளர்ந்தவனுக்குத்தான் தெரியும், அக்காக்காரி என்ன செய்வாள் என்று" என்று சொல்லிச் சிரித்தார். ஹாக்கிமின் அக்கா சித்துல் முல்க்கைச் சொல்கிறார், தம்பி மகன் ஸாஹிரை உட்கார வைத்துவிட்டு ஆட்சியை நடத்தியவர். ஆதாரம் எதுவும் கிடையாது, ஆனால் அந்த டிரைவருக்குத் துளி சந்தேகம் இல்லை.

மரியின் மகன்
கொலை என்று நீங்கள் சொல்கிறீர்கள். ட்ரூஸ்காரர்கள் அவர் மறைந்திருக்கிறார், திரும்பி வருவார் என்கிறார்கள். கீரைக்கட்டு அக்கா, உங்கள் தோழி அப்படித்தான் நம்புகிறாரா? எங்கள் ஆபீசில் ஒரு ட்ரூஸ் பையன் முலூகியா இரண்டு தட்டு சாப்பிடுவான்.

கீரைக்கட்டு
அவன் சாப்பிடட்டும் தம்பி. இவள் சாப்பிட மாட்டாள். மார்க்க விஷயம் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள், நானும் கேட்பதை விட்டுவிட்டேன். அந்த மீதிக் கீரையை நான்தான் மறுநாள் சோற்றில் போட்டுச் சாப்பிட்டேன்.