செயலி ஆய்வுக் கட்டுரை: கன்சார்ட் பட்டியல் நிரப்பியும் ரிவ்யூவர் திருப்பிவிட்டார், எதைச் சேர்ப்பது?

மருதம்:
ரத்த அழுத்த மாத்திரையை நினைவூட்டும் செயலி, 12 வார ரேண்டமைஸ்டு டிரையல் (யாருக்குச் செயலி என்பதைக் குலுக்கல்போல ஒதுக்கும் ஆய்வு). 6ஆம் வாரத்தில் செயலி ஒருமுறை அப்டேட் ஆனது. “இடையீட்டின் விவரம் போதவில்லை, பயன்பாட்டுத் தரவு தெளிவாக இல்லை” என்கிறார் ரிவ்யூவர் (இடையீடு என்பது ஆய்வில் சோதிக்கும் சிகிச்சை, இங்கே செயலி). கன்சார்ட் பட்டியலை (இத்தகைய டிரையல் கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற சரிபார்ப்புப் பட்டியல்) முழுவதும் நிரப்பியாகிவிட்டது. இனி எதை எழுத வேண்டும்? சொல் வரம்பும் இடிக்கிறது.

செங்கதிர்:
பொதுவான கன்சார்ட் எல்லாச் சிகிச்சைகளுக்குமானது. செயலி, இணையவழிச் சிகிச்சைகளுக்கென 2011-இல் வந்த அதன் விரிவாக்கமான கன்சார்ட்-ஈஹெல்த்தை எடுங்கள். செயலியின் பதிப்பு, பயன்படுத்தும் முறை, நினைவூட்டல்கள், மனிதர் பங்கு என்று தனித்தனியாகக் கேட்கும்.

“செயலி நினைவூட்டல்களை அனுப்பியது” என்ற வரியை வைத்து யாரும் அதை மறுபடி செய்து பார்க்க முடியாது. இப்படி எழுதலாம்: “காலை 8, இரவு 8 மணிக்கு நோட்டிஃபிகேஷன். 30 நிமிடத்துக்குள் ‘எடுத்தேன்’ அழுத்தாவிட்டால் இன்னொன்று. அன்று முழுக்கப் பதில் இல்லையென்றால் மறுநாள் செவிலியர் அழைப்பார்.” அந்தக் கடைசி வாக்கியம் பெரும்பாலான கட்டுரைகளில் விடுபடுகிறது. அழுத்தம் குறைந்தது செயலியாலா, செவிலியரின் குரலாலா என்று வாசிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்? எத்தனை அழைப்புகள் போயின, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்பதையும் சேருங்கள்.

அப்டேட்டுக்கு: தேதி, பழைய எண், புதிய எண், மாறியது என்ன. பிழைத்திருத்தம் மட்டும் என்றால் ஒரு வரி போதும். நினைவூட்டலின் நேரமோ வாசகமோ மாறியிருந்தால் அது வேறு இடையீடு. யார் எத்தனை நாள் எந்தப் பதிப்பில் இருந்தார் என்று காட்டியே ஆக வேண்டும்.

குறிஞ்சி:
பயன்பாட்டுத் தரவில் “சராசரி லாகின்” என்று மட்டும் போட்டிருந்தால் ரிவ்யூவர் கேட்டது நியாயமே. 10 பேரில் 8 பேர் தலா 2 முறை, 2 பேர் தலா 90 முறை திறந்தால் சராசரி 19.6, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 2 தான். இடைநிலையும் கால்மான வீச்சும் (நடுவிலுள்ள பாதிப் பேரின் மதிப்புகள் பரவியிருக்கும் அளவு) கொடுங்கள். வாரவாரியாக எத்தனை பேர் எஞ்சினர் என்ற வரைபடம் அதைவிட நல்லது.

பங்கேற்பாளர் ஓட்டப்படத்தில் ஒதுக்கப்பட்டவர், நிறுவியவர், ஒருமுறையாவது திறந்தவர், 12ஆம் வாரமும் பயன்படுத்தியவர் எனத் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். செயலியை விட்டவரும் ஆய்வையே விட்டவரும் ஒன்றல்ல. செயலியைத் தொடாமலே கடைசி அளவீட்டுக்கு வருபவர் உண்டு.

இன்னொரு பொறி: அனுப்பியது, போய்ச் சேர்ந்தது, திறந்தது மூன்றும் வேறு. போனின் பேட்டரி சேவர் நோட்டிஃபிகேஷனைத் தடுத்திருந்தாலும் சர்வர் லாகில் (பதிவேட்டில்) “அனுப்பப்பட்டது” என்றே இருக்கும். எந்த லாகிலிருந்து எண்ணினீர்கள் என்று சொல்லுங்கள்.

மருதம்:
மிக்க நன்றி. செயலி ஒரு நிறுவனத்துடையது, சோர்ஸ் கோடு தரமாட்டார்கள். என்ன செய்வது?

செங்கதிர்:
சோர்ஸ் கோடு இல்லாவிட்டாலும் நினைவூட்டல் விதிகளை ஒரு ஓட்டப்படமாக வரையலாம். எல்லாத் திரைகளின் ஸ்க்ரீன்ஷாட்டையும் செய்திகளின் முழு வாசகத்தையும், நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, துணைக் கோப்பில் வையுங்கள். வெறும் இணைப்பு கொடுத்தால், ஸ்டோரிலிருந்து செயலி நீங்கியதும் எதுவும் மிஞ்சாது. துணைக் கோப்பு பெரும்பாலும் சொல் வரம்புக்குள் வராது. இடையீட்டை விவரிப்பதற்கென 2014-இல் வந்த டைடியர் பட்டியலின் 12 உருப்படிகளையும் அங்கேயே அட்டவணையாகப் போடலாம்.

குறிஞ்சி:
கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் (ஒப்பிடுவதற்காகச் செயலி தராத குழு) அதே அட்டவணையில் ஒரு நெடுவரிசை ஒதுக்குங்கள். “வழக்கமான சிகிச்சை” என்று நிறுத்தாமல் எத்தனை சந்திப்புகள், அவர்கள் போனில் வேறு நினைவூட்டல் செயலி இருந்ததா என்று கேட்டீர்களா என்பதையும் எழுதுங்கள்.