விசுவாசம் ஆட்டம் கண்ட நாள்: உங்கள் அனுபவம்

கடலோரப் பெண்:
2004 டிசம்பர் 26, ஞாயிறு, சுனாமி வந்த நாள், வேளாங்கண்ணி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியுமே. நான் கோவிலுக்குள் திருப்பலியில் இருந்தேன். தம்பி கடலில் கால் நனைத்துவிட்டு வருகிறேன் என்று போனவன், வரவில்லை.

துக்கம் கேட்க வந்த உறவுக்காரர், "கோவிலுக்குள்ள தண்ணியே வரலையே, மாதா எப்படிக் காப்பாத்தியிருக்காங்க பாருங்க" என்றார். அம்மா தம்பியின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். திரும்பவும் பிரித்தாள்.

அதன்பின் எனக்குச் செபமே வரவில்லை. செபமாலையில் அம்மா 'அருள் நிறைந்த மரியே' சொன்னால் 'தூய மரியே' என்று நான் பதில் சொல்ல வேண்டும். வாயே திறக்காது. அதையும் அம்மாவே சொல்லிக்கொள்வாள்.

தஞ்சை அப்பா:
அக்கா, மனசு கனக்கிறது. ஆனால் அந்த உறவுக்காரரைக் குறை சொல்ல முடியவில்லை. அன்றைக்கு நானும் இரண்டு பிள்ளைகளோடு உள்ளேதான் இருந்தேன். உயிரோடு வந்தவன் மாதாவுக்கு நன்றி சொல்லாமல் எப்படி இருப்பேன்?

பாளை டீச்சர்:
சொல்லுங்கள் தம்பி, தாராளமாகச் சொல்லுங்கள். பறிகொடுத்த வீட்டில் வேண்டாம். 2021 மே மாதம் என் கணவர் ஆக்சிஜன் வார்டில் இருந்தார். வெளியே மரத்தடியில் சங்கீதம் 91 வாசித்துக்கொண்டிருந்தேன், கொள்ளைநோய் அணுகாது என்று வருமே, அதுதான். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவியும் செல்போனில் அதையே வாசித்தார். என் கணவர் வீட்டுக்கு வந்தார். அவர் கணவர் வரவில்லை. அதிலிருந்து எனக்கு 91 ஓடவில்லை. 88 வாசிக்கிறேன். கடைசி வரி வரைக்கும் ஆறுதலே இல்லாத சங்கீதம், ஆனாலும் அது ஜெபம்தானே.

ஜெபவீரன்:
ஸ்தோத்திரம் சகோதரி. எனக்கு வேலை போனபோது இதே பயம், கர்த்தர் விடுவித்தார். சந்தேகத்துக்கு ஒரு நாளும் இடம் கொடுக்காதீர்கள். அதிகாலை 4 மணிக்கு எழுந்து முழங்காலில் நில்லுங்கள். வெள்ளிக்கிழமை உபவாசம் இருங்கள். வசனத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சோர்வாகப் பேசுகிறவர்களோடு பேச்சைக் குறையுங்கள். ஆராதனையை ஒரு வாரம்கூட விடாதீர்கள்.

கடலோரப் பெண்:
ஐயா, அந்த நாட்களில் 4 மணிக்கு நான் விழித்துத்தான் கிடப்பேன். இயேசு உயிர்த்தெழுந்ததைத் தோமா நம்பாமலே எட்டு நாள் கழித்தும் மற்ற சீடர்களோடுதான் இருந்தார், யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. அம்மாவும் என்னை ஒன்றும் கேட்டதில்லை, பக்கத்தில் உட்கார விட்டாள். தவக்காலத்தில் ஒருநாள் செபமாலையின் பாதியில் அவளுக்கு இருமல் வந்து செபம் நின்றுவிட்டது. 'தூய மரியே' என்று நான் எடுத்தேன்.