பிஎச்டி டாக்டோரல் கமிட்டி (டிசி) மீட்டிங்கில் மெம்பர் ஒன்று சொல்கிறார், கைடு வேறு சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பொருநைக்காரி:
விலங்கியலில் பார்ட் டைம் பிஎச்டி, மூன்றாவது வருடம். நம்ம ஊர்க் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புதான் தலைப்பு. போன வாரம், கைடும் மெம்பர்களும் உட்கார்ந்து என் ஆய்வைப் பார்க்கும் டிசி மீட்டிங் நடந்தது. பன்னிரண்டு குளம் குறித்த என் வரைபடத்தை வெளியிலிருந்து வந்த மெம்பர் மேஜையில் விரித்து, ஒவ்வொரு குளமாக விரல் வைத்து எண்ணிவிட்டு, "இத்தனையும் எத்தனை நாளில் முடிப்பீங்க?" என்றார். பஸ்ஸில் போவதால் நாலு ஞாயிறு ஆகும் என்றேன். "அப்போ முதல் ஞாயிறு இங்க எண்ணின நாரை அடுத்த ஞாயிறு பக்கத்துக் குளத்துல நின்னா?" எனக்கு வாயடைத்துவிட்டது. ஐந்து குளமாகக் குறைத்து, ஒரே காலையில் ஆள் பிரித்து எண்ணச் சொல்கிறார், அதோடு இன்னொரு சீசனும் பார்க்கணுமாம். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் கைடு, "அவர் அப்படித்தான் சொல்வார், இருக்கிறதை வைத்து எழுதுங்க" என்கிறார். கைடைப் பகைத்துக்கொண்டு காலம் தள்ள முடியுமா?

பேட்டைக்காரன்:
தங்கச்சி, முதலில் ஒன்று கேட்கிறேன், மினிட்ஸில், அதாவது மீட்டிங் குறிப்பில், என்ன எழுதியிருக்கிறது? வராந்தாவில் சொன்னதற்கு மதிப்பில்லை, கமிட்டியில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட தாளில் உள்ளதுதான் நாளைக்கு நிற்கும். அதில் "ஐந்து குளம், இரண்டு சீசன்" என்று இருந்து நீங்கள் செய்யாமல் விட்டால், அடுத்த டிசியில் மாட்டுவது கைடு இல்லை, நீங்கள்தான். "முன்னேற்றம் திருப்தி" என்று மட்டும் எழுதியிருந்தால் அது அதைவிட மோசம், நல்ல யோசனை காற்றோடு போய்விட்டது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் படித்த இடத்தில் டிசி என்றால் டீ, மிக்சர், கையெழுத்து, இருபது நிமிடம். ஒரு தடவை மெம்பர் வராமலே தாள் அவர் வீட்டுக்குப் போய்க் கையெழுத்தாகி வந்தது. எனக்கும் அப்போது சந்தோஷம்தான். கடைசி வாய்மொழித் தேர்வான வைவாவில் வெளித் தேர்வாளர், "சாம்பிள் அளவு ஏன் இவ்வளவு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார், முதல் வருடத்திலேயே என் கமிட்டி கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஒரு அத்தியாயத்தைத் திருத்தி எழுத எட்டு மாதம் போனது. உங்களுக்கு வாய்த்த மெம்பர் வரைபடத்தை விரித்துப் பார்க்கிறார், கொடுத்து வைத்தவர் நீங்கள்.

சந்திப்பிள்ளையார் முக்கு:
அண்ணாச்சி சொன்னதோடு விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறையில் இதற்குப் பெயர் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு, நம்ம பக்கம் டாக்டோரல் கமிட்டி என்கிறோம். தலைப்பை முடிவு செய்வது, ஆய்வு முறையை வகுக்க வழிகாட்டுவது, முன்னேற்றத்தைப் பார்ப்பது எல்லாம் அதன் வேலை. ஒவ்வொரு செமஸ்டரும் அதன் முன் போய்ப் பேசி அறிக்கை கொடுக்க வேண்டும். முன்னேற்றம் போதாது என்றால் காரணத்தைப் பதிவு செய்து, திருத்த வழியும் சொல்ல வேண்டும், அதையும் நாம் செய்யாவிட்டால் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கும் அதிகாரம் வரை அதற்கு உண்டு. ஆக மெம்பர் சும்மா விருந்தாளி இல்லை.

நாள் பற்றிய பயம் வேண்டாம். குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2. ஒரு சீசன் கூடினால் குடி முழுகாது.

கைடிடம் நேரில் வாதாடாதீர்கள். "சார், மீட்டிங்கில் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், இப்படிச் செய்யலாமா?" என்று நாலு வரி மெயில் போடுங்கள். மறுப்பதாக இருந்தால் அவரும் எழுத்தில்தான் மறுக்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் மறுக்க மாட்டார். பன்னிரண்டு குளத் தரவையும் தூக்கிப் போட வேண்டாம், முன்னோட்ட ஆய்வு என்று ஒரு அத்தியாயத்தில் வைக்கலாமா என்று அதே மெயிலில் கேளுங்கள். அவருக்கும் முகம் வாடாது.

பொருநைக்காரி:
மினிட்ஸ் நகல் வாங்கிப் பார்த்தேன். "ஆய்விடங்களைக் குறைக்கலாம்" என்று மட்டும்தான் இருக்கிறது, சீசன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மெயில் போட்டேன். ராத்திரி பத்தரைக்குப் பதில்: "செய்யுங்க. அடுத்த டிசியில் இதையும் மினிட்ஸில் சேர்ப்போம்." அவ்வளவுதான், நான் மூன்று நாள் தூங்காமல் கிடந்தது வீண்.

ஐந்தில் ஒன்று நயினார்குளம், வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன். மற்ற நாலுக்கும் ஆள் வேண்டும். ஜனவரி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கரையில் நிற்கக்கூடியவர்கள், நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள், இங்கேயே பெயர் போடுங்கள். பைனாகுலர் என்னிடம் இரண்டு இருக்கிறது.

பேட்டைக்காரன்:
ஆறு மணி கொஞ்சம் கஷ்டம்தான். சரி, என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், கோழி வித்தியாசம் மட்டும் வந்து சொல்லிக்கொடுங்கள்.